வெல்டாவும் லஸ்டர் வீட்டுக் கேக்கும்

அலபாமாவில் பிறக்கிற பிள்ளைக்கு முதலில் ஒரு கல்லூரியைக் கொடுத்துவிட்டு அப்புறம்தான் பெயர் வைப்பார்கள். படிப்பதற்காக அல்ல. சனிக்கிழமைகளில் அதன் அமெரிக்க ஃபுட்பால் அணிக்காகத் தொண்டை கிழியக் கத்துவதற்காக. வெல்டா ஸ்பிராட்லிங்குக்கு வாய்த்தது கார்வெல் ஸ்டேட். நிறம் பச்சை, சின்னம் கடிக்கும் ஆமை. ஐம்பத்து நாலு வயதாகியும் அந்தக் கல்லூரியின் வகுப்பறை ஒன்றைக்கூட அவள் கண்ணால் பார்த்ததில்லை. ஆனால் கார்வெல் தோற்ற வாரம் அவள் சுடுகிற ரொட்டி சரியாக உப்பாது என்று அவள் ஊரான டேலிவில்லில் எல்லோரும் சொல்வார்கள்.

இப்படிப்பட்டவள் போய்க் கட்டிக்கொண்டது டர்வுட்டை. வீடு வீடாகப் போய் கேஸ் நிரப்பும் வண்டி ஓட்டுகிறவன். அவனுக்கு வாய்த்தது ஹோல்கம்ப் பல்கலைக்கழகம். நிறம் சிவப்பு, சின்னம் கோவேறு கழுதை. இவர்கள் கல்யாணத் தேதியை இரண்டு முறை மாற்றினார்கள், இரண்டு முறையும் மேட்ச். மூன்றாவது தேதியில் மேட்ச் இல்லை, சூறாவளி மட்டும்தான் வந்தது. அதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஒரே மகள் ஓரிகனுக்குப் போய், ஃபுட்பாலே பார்க்காத ஒருவனைக் கட்டிக்கொண்டாள். நல்ல பையன் என்கிறார்கள். வீட்டில் அதைப் பற்றிப் பேச்சு எடுப்பதில்லை.

ஊர் சூப்பர் மார்க்கெட்டின் பேக்கரியில் இருபத்தாறு வருஷமாகக் கேக் அலங்கரிக்கிறாள் வெல்டா. பிறந்தநாள், கல்யாணம், ஞானஸ்நானம், ஒரே ஒரு விவாகரத்து. பச்சைக் கேக்கும் சிவப்புக் கேக்கும் சரிபாதியாக வரும். "கவுன்டருக்கு இந்தப் பக்கம் கட்சி கிடையாது" என்பாள். ஒரு தடவை ஹோல்கம்ப் கேக்கில் கழுதைக்கு மாறுகண் விழுந்துவிட்டது. கை நழுவித்தான் விழுந்தது. அதை ஊர் நம்பவில்லை என்று தெரிந்ததும் வேறு கேக் செய்து, கழுதைக்கு இமைமுடிகூட வைத்துக் கொடுத்தாள். கட்சி பார்க்காத கை என்ற அந்த ஒரு பெயரை மட்டும் அவள் யாருக்காகவும் விட்டுக்கொடுக்க மாட்டாள்.

அந்த வருஷம் டேலிவில் உயர்நிலைப் பள்ளியில் டெமாரியன் லஸ்டர் என்று ஒரு பையன் இருந்தான். ஆறடி ஐந்து அங்குலம், முந்நூற்றுப் பத்து பவுண்டு. எதிரணிக்காரனைத் தூக்கிப் பந்தோடு சேர்த்து ஓரமாக வைத்துவிட்டு, "ஸாரி அண்ணா" என்பான். அவன் எந்தக் கல்லூரிக்கு ஆடப் போகிறான் என்பதைப் பிப்ரவரி முதல் புதன்கிழமை சொல்வதாக இருந்தான். அதற்குள் ஊருக்குப் பித்துப் பிடித்துவிட்டது. அவன் பச்சை சாக்ஸ் போட்டுக்கொண்டு சர்ச்சுக்கு வந்த ஞாயிறு, கார்வெல் கோஷ்டிப் பெண்கள் இரண்டு பேர் ஆனந்தக் கண்ணீர் விட்டார்கள். மறுநாள் அவன் ஸ்டிராபெரி ஐஸ்கிரீம் தின்றதை ஹோல்கம்ப் கோஷ்டி படம் எடுத்துப் பரப்பியது. ஹோல்கம்ப் கோச் தனி விமானத்தில் வருகிறார் என்று கேள்விப்பட்டு நாற்பது வண்டிகள் விமானத் திடலுக்குப் பறந்தன. இறங்கியவர் ஒரு பல் டாக்டர். வந்த வேகத்தில் அவருக்கும் கை தட்டிவிட்டுத் திரும்பினார்கள்.

வழக்கமாக இந்த மாதிரி நாளில் மேஜைமேல் கல்லூரித் தொப்பிகளை வரிசையாக வைத்திருப்பார்கள். பையன் அதில் ஒன்றை எடுத்து மாட்டிக்கொள்வான். டெமாரியனின் அம்மா ஷெர்லிண்டாவுக்கு அதில் விருப்பமில்லை. ஒரு வாரம் முன்பு பேக்கரிக்கு வந்து, ஒட்டிய உறை ஒன்றை வெல்டாவின் கையில் திணித்தாள்.

"வெல்டா அக்கா, வெளியே வெள்ளை ஐசிங். உள்ளே அவன் போற காலேஜோட கலர். எல்லார் முன்னாடியும் அவன் வெட்டுவான். எந்தக் கலர்னு இந்த உறைக்குள்ள இருக்கு."

"நான் யாருன்னு தெரிஞ்சுதான் குடுக்கறியா?"

"தெரியும். கழுதைக்கு இமை வச்ச கை இல்லையா இது. ஆனா வெட்டுற நிமிஷம்வரைக்கும் மூச்சு விடக்கூடாது. டர்வுட் அண்ணன்கிட்டகூட."

வெல்டா பைபிளைத் தேடினாள். கிடைக்கவில்லை. மாவு மூட்டைமேல் கை வைத்துச் சத்தியம் செய்தாள்.

உறையை உள்ளே குளிர் அறையில் போய்ப் பிரித்தாள். பச்சையாக இருக்கட்டும் ஆண்டவரே என்றுதான் பிரித்தாள். சிவப்பாக இருந்தால் என்ன செய்வது என்றும் தயாராகத்தான் இருந்தாள். உள்ளே இருந்தது: 'மஞ்சள். ஹால்வர் கல்லூரி, மின்னசோட்டா.'

மின்னசோட்டா! கனடாவுக்குப் பக்கத்து வாசல். வெல்டா வெண்ணெய்ப் பெட்டியின் மேல் உட்கார்ந்துவிட்டாள். கார்வெலுக்கும் இல்லை, ஹோல்கம்புக்கும் இல்லை. இரண்டு பக்கமும் ஒரே குழியில் விழப் போகிறது, அது தெரிந்தவள் அவள் ஒருத்திதான்.

வேறு யாராவதாக இருந்தால் முகத்தைச் சாதாரணமாக வைத்துக்கொண்டு வாரத்தை ஓட்டியிருப்பார்கள். வெல்டாவுக்கு அந்த வரம் கிடையாது. துக்கம் வந்தால் கன்னம் தொங்கிவிடும், குரல் கிணற்றுக்குள் இருந்து வரும். கேக் ஆர்டர் அவளிடம்தான் என்று ஊருக்கு மறுநாளே தெரிந்துபோயிற்று. அதன் பிறகு ரொட்டி வாங்க வருகிறவர்கள் ரொட்டியைப் பார்க்கவில்லை, அவள் முகத்தையே பார்த்தார்கள்.

முதலில் வந்தவர் பாஸ்டர் கிம்ப்ரல். ஒரு டஜன் பன் கேட்டுவிட்டு, குரலைத் தாழ்த்தினார்.

"மகளே, உன் உள்ளம் பாரமா இருக்கா?"

"இடுப்பு வலி, பாஸ்டர்."

"கிழக்குப் பக்க இடுப்பா, மேற்குப் பக்க இடுப்பா?"

கார்வெல் இருப்பது கிழக்கில். வெல்டா பன்களை எண்ணத் தொடங்கினாள். பாஸ்டர் சாயந்திரத்துக்குள் ஊர் முழுக்கச் சொல்லிவிட்டார்: வெல்டா அழுகிற நிலையில் இருக்கிறாள். பச்சைக்காரி அழுகிறாள் என்றால் பையன் சிவப்புக்குப் போகிறான். இதைவிடத் தெளிவாகக் கடவுளே வந்து சொல்ல முடியாது.

ஹோல்கம்ப் கோஷ்டி அன்றைக்கே வெற்றி விருந்துக்குப் பன்றி வாட்ட ஏற்பாடு செய்துவிட்டது. கார்வெல் கோஷ்டிப் பெண்கள் வெல்டாவின் வீட்டுக்கு மக்ரோனி கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனார்கள், சாவு வீட்டுக்கு வைக்கிற மாதிரி.

டர்வுட்டைப் பிடிக்க முடியவில்லை. சமையலறையில் பூட்ஸோடு ஆடினான். வெல்டா தூங்குகிறாள் என்று நினைத்து, அவள் விரல் நகங்களை டார்ச் அடித்துப் பார்த்தான். சாயம் எதுவும் ஒட்டியிருக்கவில்லை. அதுவும் அவனுக்கு ஒரு சாட்சிதான்.

"கையுறை போட்டுக் கலந்திருக்க! எங்க கலர் மேல படக்கூடாதுன்னு போட்டிருக்க! சரிதானே ராசாத்தி?"

"நான் இன்னும் கலக்கவே இல்லய்யா."

"குரலைப் பாரு. பச்சை ஆமையை லாரி ஏத்தின மாதிரி."

"டர்வுட், நான் ஒண்ணு சொல்றேன், கேளு. அவசரப்படாத."

"வா, பந்தயம். பையன் ஹோல்கம்புக்கு வரலைன்னா இந்த மீசையை எடுத்துடறேன்."

முப்பது வருஷ மீசை அது. ஹோல்கம்ப் கோப்பை ஜெயித்த வருஷம் வளர்த்தது. உதட்டில் புண் வந்தபோதுகூட டாக்டரை அதைத் தொடவிடவில்லை. வெல்டாவுக்கு ஒரு கணம் ஆசையாகத்தான் இருந்தது. முத்தமிடும்போதெல்லாம் மூக்கில் குத்தும் மீசை, ஒரு வார்த்தை சொன்னால் போய்விடும். ஆனால் விடை தெரிந்துகொண்டு பந்தயம் கட்டுவது திருட்டு.

"பந்தயமெல்லாம் வேண்டாம்."

"பார்த்தியா! தோத்துடுவோம்னு தெரிஞ்சுதான் வேண்டாங்கறா!"

செவ்வாய்க்கிழமை மத்தியானம் பேக்கரி ரேடியோவில் ஃபுட்பால் நிகழ்ச்சி ஓடிக்கொண்டிருந்தது. மாநிலமே கேட்கிற நிகழ்ச்சி. டேலிவில்லிலிருந்து ஒரு நேயர் என்றார்கள். வெல்டா ரோஜாப்பூ வரைந்துகொண்டிருந்தாள். ரேடியோவில் வந்த அந்தப் பழகிய இருமலைக் கேட்டதுமே ரோஜாப்பூ முட்டைக்கோஸாகிவிட்டது.

"நான் டர்வுட் பேசறேன். என் பொண்டாட்டிதான் அந்தக் கேக் செய்யறா. அவ முகத்தை வச்சு சொல்றேன், பையன் நம்ம பையன். இல்லைன்னா நாளைக்கு அங்கேயே, எல்லார் முன்னாடியும், மீசையை எடுக்கறேன். முடிவெட்டுற ஹாய்ட்டை மெஷினோட வரச் சொல்லிட்டேன்."

வெல்டா கையுறையோடு அவனுக்கு ஃபோன் அடித்தாள். எடுக்கவில்லை. ரேடியோவிலேயே இன்னும் பேசிக்கொண்டிருந்தான். உடனே ஷெர்லிண்டாவுக்கு அடித்தாள்.

"ஷெர்லிண்டா, என் புருஷன் ஊர் சிரிக்க நிக்கப் போறான். அவன் ஒருத்தன்கிட்ட மட்டும் சொல்லிக்கட்டுமா? சிவப்பு இல்லன்னு அரை வார்த்தை."



"அக்கா, எட்டு மாசமா ஊர்ல எல்லாரும் அவன் வாயால பேசிட்டாங்க. அவன் சாக்ஸ் பேசுது, ஐஸ்கிரீம் பேசுது. நாளைக்கு ஒரு நிமிஷம் அவனே பேசட்டும்னு நினைச்சேன். டர்வுட் அண்ணன்கிட்ட அரை வார்த்தை சொன்னா கேஸ் வண்டி போற ஊருக்கெல்லாம் முழு வார்த்தையா போயிடும். அப்புறம் உங்க இஷ்டம்."

'உங்க இஷ்டம்' என்று விட்டதுதான் வெல்டாவைக் கட்டிப்போட்டது. வீட்டுக்குப் போய் டர்வுட்டுக்குப் பிடித்த பீன்ஸும் சோள ரொட்டியும் செய்தாள். அவன் தின்னும்போது மீசையில் ஒட்டின ரொட்டித் துகளைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். நாளைக்கு இந்த நேரம் இது இருக்காது. கண் கலங்கிவிட்டது.

"அழாத கண்ணு. ஆமைக்கும் ஒரு நாள் வரும்" என்றான் டர்வுட்.

புதன்கிழமை காலை பத்து மணிக்குப் பள்ளிக்கூட ஜிம்மில் நிற்க இடமில்லை. இந்தப் பக்க வரிசைகள் சிவப்பு, அந்தப் பக்க வரிசைகள் பச்சை. பச்சைக்காரர்கள் பாதிப்பேர் கறுப்புப் பட்டை கட்டியிருந்தார்கள். நடுவில் மேஜைமேல் வெள்ளைக் கேக். டெமாரியன் கோட்டு போட்டு வந்தான். கத்தி அவன் கையில் பல்குத்தும் குச்சி மாதிரி இருந்தது.

வெட்டி, ஒரு துண்டைத் தட்டில் எடுத்துத் தூக்கிக் காட்டினான்.

மஞ்சள்.

முதல் வரிசையில் ஒருவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார். "லைட் சரியில்லையா?" என்று யாரோ கேட்டார்கள். "கேக் வேகலை" என்றது இன்னொரு குரல். "அவ பச்சைக்காரி, கலரை மாத்திட்டா!" என்று சிவப்பு வரிசையிலிருந்து ஒருத்தி எழுந்தாள். "பச்சையா மாத்தியிருந்தா பச்சைன்னு வந்திருக்கும்டி" என்று பச்சை வரிசை பதில் கொடுத்தது. வெல்டா இருபத்தாறு வருஷம் சம்பாதித்த பெயர் அந்த மஞ்சள் துண்டின் மேல் நின்றுகொண்டிருந்தது.

டெமாரியன் மைக்கைப் பிடித்தான்.

"கேக் சரியாத்தான் இருக்கு. வெல்டா ஆன்ட்டி நான் எழுதினபடியே செஞ்சிருக்காங்க. நான் ஹால்வர் காலேஜுக்குப் போறேன். மின்னசோட்டா."

"எதுக்குடா ராசா?" என்று பாஸ்டர் கிம்ப்ரல் அலறியேவிட்டார்.

"அங்க பனி பெய்யும், பாஸ்டர். நான் பனியையே பார்த்ததில்ல."

ஷெர்லிண்டா மட்டும் எழுந்து நின்று கை தட்டினாள். வெல்டாவும் தட்டினாள். அவ்வளவு பெரிய ஜிம்மில் நாலு கைகளின் சத்தம்.

டர்வுட் சிவப்பு வரிசையிலிருந்து இறங்கி வந்தான். முகம் கேஸ் தீர்ந்த அடுப்பு மாதிரி இருந்தது.

"தெரியுமா உனக்கு? ஒரு வாரமாத் தெரியுமா?"

"தெரியும்."

"என் கண்ணைப் பார்த்துக்கிட்டே..."

"நீ எங்கய்யா என் கண்ணைப் பார்த்த? நகத்தைத்தானே பார்த்த?"

பச்சைக்காரர்களுக்கு அப்போதுதான் உயிர் வந்தது. பையன் கிடைக்காவிட்டால் என்ன, மீசை கிடைத்ததே. "மீசை! மீசை!" என்று ஜிம் அதிர்ந்தது. ஹாய்ட் மெஷினோடு தயாராக நின்றான். டர்வுட் நாற்காலியில் உட்கார்ந்து வெல்டாவின் கையைப் பிடித்துக்கொண்டான், பல் பிடுங்கப் போகிறவன் மாதிரி. அரை நிமிஷத்தில் வேலை முடிந்தது. கீழே ஒரு வெளிறிய உதடு தெரிந்தது. முப்பது வருஷமாக வெயிலைப் பார்க்காத உதடு.

கூட்டம் கலைந்தது. கேக்கை மட்டும் யாரும் தொடவில்லை. மின்னசோட்டா கேக்கை எந்த அலபாமாக்காரன் தின்பான்? லஸ்டர் வீட்டார் ஒரு மூலையில் மூன்று துண்டுகளோடு நின்றார்கள். வெல்டாவுக்கு அது பொறுக்கவில்லை. எலுமிச்சைத் தோலை அவளே உட்கார்ந்து துருவிப் போட்டது. நேராகப் போய் ஒரு துண்டு வைத்துக்கொண்டாள். டெமாரியன் அவளுக்கு முள்கரண்டி எடுத்துக் கொடுத்தான்.

கொஞ்சம் கழித்துப் பக்கத்தில் டர்வுட் வந்து நின்றான். சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, அவள் தட்டிலிருந்தே கிள்ளி வாயில் போட்டான்.

"உதட்டுல காத்து அடிக்குது" என்றான்.

"பழகிடும்."

"நல்லா இருக்கு." இன்னொரு தடவை கிள்ளினான். "உண்மையைச் சொல்லு வெல்டா. சிவப்புன்னு எழுதியிருந்தாலும் இப்படி ஒழுங்காச் செஞ்சிருப்பியா?"

வெல்டா மென்றுகொண்டே யோசித்தாள். கவுன்டருக்கு இந்தப் பக்கம் நின்றபடி யோசிக்கிற கேள்வி அது, அவளோ இப்போது அந்தப் பக்கம் நின்றுகொண்டிருந்தாள்.

"செஞ்சிருப்பேன். கலரெல்லாம் கரெக்டா வந்திருக்கும்" என்றாள். "சர்க்கரை போட மட்டும் மறந்திருப்பேன்."