கையெழுத்தில்லாத அறிவிப்பு

"ஊரே என் குரலைக் கேக்குது. வீட்ல ஒரு ஜென்மமாவது என் பேச்சைக் கேக்குதா?"

இதை அத்தை ஒரு நாளைக்கு நாலு தடவையாவது சொல்வாள். நியாயமும் உண்டு. விமான நிலையத்தில் இருபத்திரண்டு வருஷமாக மைக்கில் அறிவிப்பு சொல்கிறவள் அவள். "பயணிகளின் கனிவான கவனத்திற்கு" என்று இழுக்கிற இழுப்பில் ஓடுகிற ஆளும் நின்றுவிடுவான். அதே வாய் வீட்டில் மாமாவைச் சாப்பிடக் கூப்பிட்டால் அவர் அசையமாட்டார். நான் மூக்கைப் பிடித்துக்கொண்டு, சாப்பாட்டு மேஜைக்குச் செல்லும் மாமாவுக்கு இதுவே கடைசி அழைப்பு என்று அவள் குரலிலேயே சொன்னால் உடனே எழுந்து வருவார். அத்தை கரண்டியைத் தூக்குவாள்.

நிலையத்தில் அவளுக்கு டிங்டாங் அக்கா என்று பெயர். மைக்கை விட்டு வெளியே வந்தால் அவளைப் போன்ற பயந்தாங்கொள்ளி கிடையாது. பல்லிக்குப் பயம், லிஃப்டுக்குப் பயம். மேலதிகாரி தும்மினால் இவள் "சாரி சார்" என்பாள். இத்தனை வருஷத்தில் ஒரு விமானத்தில்கூட ஏறியதில்லை.

மாமா அங்கேயே விமான மெக்கானிக். பதினாறு மணி நேரம் தூங்காத கண்ணோடு எஞ்சினைப் பார்த்து 'சரி' என்று எழுதமாட்டோம் என்று மெக்கானிக்குகள் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். பெட்டி ஏற்றுகிறவர்கள், என்னைப் போன்ற கவுண்டர்காரர்கள் எல்லோரும் சேர்ந்துகொண்டோம். அத்தையும் நடுங்கிக்கொண்டே சேர்ந்தாள். மூன்றாம் நாள், வேலைநிறுத்தமே சட்டவிரோதம் என்று அரசாங்கம் உத்தரவு போட்டது. சங்கச் செயலாளரைப் பிடித்துப் போனார்கள். எங்கே வைத்திருக்கிறார்கள் என்று எவருக்கும் தெரியவில்லை. எழுநூறு பேர் நிலைய வாசலிலேயே உட்கார்ந்தோம். மாமா முன்வரிசையில்.

மறுநாள் காலை, மாமாவுக்கு மாற்றுச் சட்டை எடுக்க நானும் அத்தையும் வீட்டுக்கு வந்திருந்த நேரம், வாசலில் போலீஸ் ஜீப் வந்து நின்றது. அத்தையை அழைத்துப்போக வந்திருந்தார்கள். அத்தை என் கையைப் பிடித்த பிடியில் நகம் பதிந்தது. தனியாக அனுப்பாதே என்றாள். நிலையத்தின் பின்வாசல் வழியாக எங்கள் இருவரையும் உள்ளே கூட்டிப்போனார்கள்.

அறிவிப்பு அறை குளியலறை அளவுதான். ஒரு மைக், ஒரு பட்டன், ஒரு நாற்காலி. கண்ணாடிக்கு அப்பால் நாலு போலீஸ்காரர்கள். உள்ளே நிலையத்தின் பொறுப்பதிகாரியும், மேலிடத்திலிருந்து வந்த இன்னொரு அதிகாரியும். மேலிடத்துக்காரர் கத்தவே இல்லை. மருந்தில் தேன் குழைத்த குரல். எந்தக் குரலும் ஒரு தடவை கேட்டால் எனக்கு வந்துவிடும். அதை மட்டும் இன்றுவரை செய்துபார்க்க மனம் வரவில்லை.

"ரெண்டே வரிம்மா. படிச்சிட்டு வீட்டுக்குப் போயிடலாம்."

பேச்சுவார்த்தை முடிந்தது, சங்கம் வேலைநிறுத்தத்தைக் கைவிட்டது, அனைவரும் பணிக்குத் திரும்பவும் என்று தாளில் இருந்தது. வடிகட்டின பொய். வேறு யார் சொன்னாலும் எழுநூறு பேரும் சிரிப்பார்கள். அத்தை சொன்னால் எழுந்துவிடுவார்கள். எழுந்தால் அதோடு எல்லாம் முடிந்தது, செயலாளர் எங்கே என்று கேட்கவும் நாதி இருக்காது. படிக்காவிட்டால்? அடுத்த பட்டியலில் முதல் பெயர் மாமாவுடையது என்று, அதே தேனில், அவர் தெரிவித்தார்.

அத்தை தாளை வாங்கினாள். படித்துவிடுவாள் என்றே நினைத்தேன். அவளோ தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அங்கே ஒரு வழக்கம்: அறிவிப்புத் தாளில் அதிகாரி ஒருவர் நேரம் குறித்துக் கையெழுத்துப் போட்டிருக்க வேண்டும். இல்லாமல் பட்டனைத் தொடக்கூடாது.

"சார், இதுல கையெழுத்து இல்லையே."

பொறுப்பதிகாரி பேனாவைத் திறந்தார், மூடினார், தனக்கு அந்த அதிகாரம் இல்லை என்று தன் ஷூவிடம் சொன்னார். அத்தை தாளை மேலிடத்துக்காரரிடம் நீட்டினாள். அவர் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டார். அவசரத்துக்கு அதெல்லாம் தேவையில்லை என்றார். பிறகு தேன் தீர்ந்தது.

"உன் புருஷன் வீட்டுக்கு வரணுமா, வேணாமா?"

அன்று மாலையே மாமாவைக் கொண்டுபோனார்கள். அத்தைக்கு வேலை போயிற்று. வாசலில் இருந்தவர்கள் மட்டும் கலையவில்லை. அதெல்லாம் பிறகு. அந்த அறையில் அவள் கடைசியாகச் சொன்னது இதுதான், மைக் குரலில் அல்ல, மூக்கை உறிஞ்சிக்கொண்டு, திக்கித் திக்கி:

"வரணும் சார். இப்பவே எனக்கு மயக்கம் வர்ற மாதிரி இருக்கு. ஆனா பெரிய ஆபீசருங்க நீங்க ரெண்டு பேரும் இதுல பேர் போடப் பயப்படறீங்க. என் குரல்தான் சார் என் கையெழுத்து, வெளிய உக்காந்திருக்கிற அத்தனை பேருக்கும் அது தெரியும். நீங்க போடாத கையெழுத்தை நான் மட்டும் ஏன் சார் போடணும்?"