ஓடாத பிள்ளைகள்

அரிப்பு என்ற கடலோர ஊரின் பக்கம், போருக்குப் பிறகு மீள்குடியேறிய ஒரு ஊரில், தகரக் கொட்டில் பள்ளிக்கூடத்தில் அன்று மாதிரிப் பாடம். ஆங்கில ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுப்பது என் வேலை. பாடம் நடத்தியவள் என்னிடம் பயின்ற தொண்டராசிரியை. தேறினால்தான் அவளுக்கு நிரந்தர நியமனம். தீர்ப்புச் சொல்ல வந்த கொழும்பு மேற்பார்வையாளருக்குத் தமிழ் ஒரு சொல்லும் தெரியாது. எனக்கோ இருப்புக் கொள்ளவில்லை. கதிரையில் இருப்பதும் எழும்புவதும் வாசலுக்குப் போவதுமாக இருந்தேன்.

"சேர், நீங்கள் இப்பிடி நடந்தால் எனக்குப் பாடம் மறந்துபோகும். சும்மா இருங்கோ," என்றாள்.

பாடம் நன்றாகத்தான் போனது. ஆனால் அந்த மனுசனுக்கு அது போதவில்லை. பிள்ளைகளை வெளியே ஓடவிட்டு, விளையாட்டோடு ஆங்கிலம் பேச வைக்க வேண்டுமாம். வெளியே வந்தோம். பிள்ளைகள் ஒற்றை வரிசையில், முன்னால் போனவரின் அடியிலேயே கால் வைத்து நடந்தார்கள். "ஓடுங்கள்," என்று ஆங்கிலத்தில் சொன்னார். ஒருவரும் அசையவில்லை.

வளவு ஓரத்து மரத்துக்கு அப்பால் மிதிவெடி இன்னும் எடுத்து முடியவில்லை என்று விளக்கினேன். "பள்ளிக்கூட வளவு துப்புரவாக்கியாயிற்றுத்தானே," என்றார். பிள்ளைகளுக்குச் சுதந்திரம் இல்லை என்று குறித்துக்கொண்டார். எனக்குக் கோபம் தலைக்கேறியது. அவள் முகம் செத்துப்போயிற்று.

எப்படி ஓடுவது என்று காட்ட அவரே ஓடினார். மரத்தையும் தாண்டிவிட்டார்.

"ஸ்டொப் சேர்! டோன்ட் மூவ்!"

வகுப்பே கத்தியது. பாடத்தில் வாய் திறக்காத பிள்ளைகளும் கத்தினார்கள். அவர் கல்லாய் நின்றார்.

"கம் பாக்! ஸ்லோ, ஸ்லோ! சேம் ஃபுட், சேர், சேம் ஃபுட்!"

வந்த அடியிலேயே கால் வைக்கச் சொல்கிறார்கள். ஐயோ கடவுளே, அந்த மனுசனுக்கு அது விளங்க வேண்டுமே! விளங்கியது. குனிந்து தன் தடத்தைத் தேடித் தேடி வந்தார். வந்ததும் மணலில் தொப்பென்று இருந்துவிட்டார். யார் இதைச் சொல்லிக் கொடுத்தது என்று கேட்டார். பிள்ளைகள் ஆசிரியையைக் காட்டினார்கள்.

வாகனத்துக்குத் திரும்பும்போது வரிசையில் கடைசி ஆள் அவர். முன்னால் போன சிறுமியின் அடியில் தன் சப்பாத்தை வைத்து வைத்து வந்தார். முதலில் குறித்ததை வெட்டிவிட்டு மதிப்பீட்டுத் தாளில் கையெழுத்துப் போட்டார்.

"சேர், பாஸா?" என்றாள் அவள்.

"ஓம் பிள்ளை," என்றேன். கையெழுத்துப் போட்ட தாளை அவள் கையில் கொடுத்தேன்.