முனியசாமியைத் தெரியாது என்றேன்

முனியசாமியின் தலையில்தான் நான் முடிவெட்டக் கற்றுக்கொண்டேன். அதே முனியசாமியைக் காட்டிப் போலீஸ் ஏட்டு கேட்டபோது, “இவனை எனக்குத் தெரியாது” என்றேன்.

சொல்லிவிட்டேன். இனி நீங்கள் என்னைப் பற்றி என்ன நினைத்தாலும் சரி... மிச்சத்தையும் கேளுங்கள்.

நான் பாம்பனில் பிறந்தவன். பெயர் சூசை. அய்யாவும் அண்ணன்களும் கடலுக்குப் போகிறவர்கள். எனக்கோ வள்ளம் கரையை விட்டு நகர்ந்ததுமே குடல் வாய்க்கு வந்துவிடும். பொறுத்துப் பொறுத்துப் பார்த்த அய்யா, “இவன் கடலுக்கு ஆகமாட்டான்” என்று சொல்லி, இராமநாதபுரத்தில் ஒரு சலூனில் கொண்டுபோய் விட்டார். வலை பிடிக்க வேண்டியவன் கத்தி பிடிக்கப் போகிறான் என்று ஊரில் சிரித்தார்கள். சிரிக்கட்டும்! காலுக்குக் கீழே தரை ஆடவில்லை. எனக்கு அது போதும்.

முதலாளி நல்ல தொழில்காரர். விழுந்த முடியைக் கூட்டுவது, ஊருணியில் தண்ணீர் எடுப்பது, தோல்வாரில் கத்தி தீட்டுவது... ஆரம்பத்தில் இவ்வளவுதான் வேலை. பிறகு மண்பானையின் மேல் சோப்பு நுரை பூசி, கீறல் சத்தம் கேட்காமல் வழிக்கச் சொன்னார். பானையில் தேறினேன். ஆனால் முடிவெட்டுவதற்குப் பானை உதவாது.

“தலை கொண்டு வாலே, கத்துத் தாரேன்” என்பார் முதலாளி. பழகுகிறவனிடம் எவன் தலையைக் கொடுப்பான்?

முனியசாமி கொடுத்தான்.

தண்ணீர் எடுக்கப் போகும் வழியில் பழக்கமானவன். ரயில்வே கூட்ஸ் கொட்டகையில் மூட்டை தூக்குகிறவன். என்னைவிடக் கொஞ்சம் மூத்தவன். இரவில் விளக்கு வைத்துக்கொண்டு படிக்கிறவன். சேரிக்காரன். எங்கள் சலூனில் சேரி ஆட்களுக்கு வெட்டுவதில்லை. எந்தச் சலூனிலும் வெட்டுவதில்லை.

செவ்வாய்க்கிழமை கடை விடுமுறை. முடிவெட்டும் மிஷினைத் துண்டில் சுற்றி, முதலாளிக்குத் தெரியாமல் எடுத்துப் போவேன். கொட்டகைக்குப் பின்னால் வேலமரத்தடியில் தகர டின்னைக் கவிழ்த்துப் போட்டு முனியசாமி காத்திருப்பான். என் கைக்கு மிஷின் அடங்காது. முடியைக் கடித்துப் பிடுங்கும். அவன் கண்ணில் தண்ணீர் வந்துவிடும்.

“மெதுவாலே... கோழி ரோமம் பிடுங்குற மாதிரில்ல பிடுங்குற!” என்று சிரிப்பான். ஒருமுறை காதுக்குப் பின்னால் ஆழமாகவே வெட்டிவிட்டேன். படிகாரத்தை வைத்து அழுத்திக்கொண்டு, “ரத்தம் நின்னுருச்சு. மிச்சத்த வெட்டு” என்றான்.

அந்தத் தலையில் நான் கெடுத்தது எவ்வளவு, திருத்தியது எவ்வளவு! பிடரியில் முடி படி தெரியாமல் கரைந்து இறங்க வேண்டும். அதை அங்கேதான் கற்றேன். கடையில் முதன்முறை ஒருவருக்கு நான் வெட்டியதைப் பார்த்து முதலாளி அசந்து போனார். “யாரு தலையில பழகுன?” என்று கேட்டார். “பாத்துப் பாத்து வந்துச்சு முதலாளி” என்றேன்.

திருவாடானை தாலுகா ஆபீசில் முனியசாமிக்குப் பியூன் வேலை கிடைத்தது. வேலமரத்தடியிலேயே வெட்டிவிடுகிறேன் என்றேன். அவன் கேட்கவில்லை.

“சர்க்கார் வேலைக்குப் போறேன்லே. ஒரு தடவையாவது கண்ணாடிக்கு முன்னால உக்காந்து வெட்டிக்கிறணும்.”

வெளுத்த சட்டை போட்டுக்கொண்டு கடைக்கு வந்தான். முதலாளி வாசலிலேயே மறித்தார்.

“இங்கன ஒங்க ஆளுகளுக்கு வெட்டுறதில்லைன்னு தெரியாதா?”

“தீண்டாமை கூடாதுன்னு சட்டம் வந்திருச்சு முதலாளி.”

“சட்டமா வந்து எனக்குச் சோறு போடும்? ஒனக்கு வெட்டுனா நாளைக்கு ஒரு பய இந்த நாற்காலியில உக்கார மாட்டான். போயிரு!”

முனியசாமி என்னைப் பார்த்தான். நான் குனிந்து கத்தி தீட்டிக்கொண்டிருந்தேன். தீட்டிக்கொண்டே இருந்தேன்.

அவன் நேராக ஸ்டேஷனுக்குப் போய் ஏட்டை அழைத்து வந்தான். “இவன் இங்கன வரவே இல்லைங்க ஏட்டய்யா” என்று முதலாளி ஒரே போடாகப் போட்டார்.

“சூசையைக் கேளுங்கய்யா. நான் வந்தப்ப இங்கனதான் நின்னான். அவனுக்கு என்னைய நல்லாத் தெரியும்” என்றான் முனியசாமி.

ஏட்டு என் பக்கம் திரும்பினார். “ஏலே, இவனைத் தெரியுமா?”

பயத்தில் வாய் குழறியது என்று சொல்லட்டுமா? இல்லை... தெளிவாகவே யோசித்தேன். தெரியும் என்றால், எப்படித் தெரியும் என்பார்கள். செவ்வாய்க்கிழமை வெளியே வரும். மிஷின் வெளியே வரும். சேரித் தலையில் ஓடிய மிஷினா எங்கள் தலையிலும் ஓடியது என்று பெஞ்சில் காத்திருந்தவர்கள் கிளம்புவார்கள். எனக்குத் தொழில் போகும். மறுபடியும் வள்ளம்...

“தெரியாதுங்கய்யா.”

முனியசாமி காதை மடக்கித் தழும்பைக் காட்டியிருக்கலாம். மிஷின் கதையைச் சொல்லியிருக்கலாம். இரண்டில் எதைச் செய்திருந்தாலும் நான் ஒழிந்தேன்! அவன் ஏட்டின் பக்கம் திரும்பினான்.

“ஆமாங்கய்யா... நான்தான் ஆள் மாறிச் சொல்லிட்டேன்.”

“பொய்ப் புகார் குடுக்கவாடா வந்த?” என்று ஏட்டு அவன் பிடரியில் ஓங்கி அறைந்தார். நான் வெட்டிப் பழகிய பிடரி.

முனியசாமி போய்விட்டான். அந்த வாரமே முதலாளி, தனியாக நின்று வெட்ட எனக்கு இரண்டாவது நாற்காலியைக் கொடுத்தார். நான் வாங்கிக்கொண்டேன்.

மாதா கோயிலில் சாமியாரிடம் பாவத்தைச் சொல்லி பாவசங்கீர்த்தனம் செய்யவில்லையா என்று கேட்பீர்கள். செய்தேன். பூசைக்குப் போகாததைச் சொன்னேன், கோபத்தைச் சொன்னேன். இதை மட்டும் விழுங்கினேன். போய் அவனிடம் மன்னிப்புக் கேள் என்று சாமியார் சொல்லிவிட்டால்? அவன் இருக்கும் இடம் எனக்குத் தெரியுமே!

சில வருடங்கள் கழித்து, திருவாடானை பஸ்ஸில் அவனைப் பார்த்தேன். காக்கி உடுப்பு, லேசாகத் தொப்பை. என்னைக் கண்டதும் நகர்ந்து இடம் கொடுத்தான். அய்யாவை விசாரித்தான், அம்மாவை விசாரித்தான். அந்த நாளைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. நானும் பேசவில்லை.

“இப்ப எங்கன வேலை?”

“சொந்தமாக் கடை போட்டுட்டேன்.”

அவன் முகம் மலர்ந்தது. பொய்யான மலர்ச்சி இல்லை அது. “அப்படிப் போடு! எங்கன இருக்கு? ஒரு நாளைக்கு வாரேன்.”

நீங்கள் இதையும் தெரிந்துகொள்ள வேண்டும். உள்நாட்டு ஊர் ஒன்றில் நான் போட்டிருந்த அந்தக் கடையிலும் சேரி ஆட்களுக்கு வெட்டுவதில்லை. என்னை மிரட்ட அங்கே முதலாளி இல்லை. நானேதான் முதலாளி! ஊர் வழக்கம் அப்படி என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன்.

“அது... ரொம்ப உள்ள தள்ளி இருக்கு. ஒனக்கு வரத் தோதுப்படாது” என்றேன்.

அவன் தலையசைத்தான். அப்புறம் மழையைப் பற்றியும் கண்மாயைப் பற்றியும் பேசினான். இறங்கும்போது, “வாரேன் சூசை” என்றான்.

என் கடையில் எல்லாருக்கும் வெட்டத் தொடங்கியது பிற்பாடுதான். அதுவும் பக்கத்துக் கடைக்காரன் வெட்டி, அவனுக்கு ஒன்றும் ஆகவில்லை என்று கண்ட பிறகு. முனியசாமி வரவில்லை. ஊர்ப் பெயரைக்கூட நான் சொல்லவில்லையே... எப்படி வருவான்?