கொலைக்கும் மரணத்துக்கும் நடுவே ஒரு டீ

கிரிமினல் வக்கீல் தொழிலில் எதிர்த்தரப்பைக்கூடச் சமாளித்துவிடலாம், நம் கட்சிக்காரரின் நலம்விரும்பிகளைச் சமாளிப்பதுதான் கஷ்டம். புனே கோர்ட்டுகளில் இருபது வருடமாகக் கறுப்புக் கோட்டோடு அலையும் தமிழச்சி நான். இதே பிழைப்பில் இருக்கும் சகபாவிகளுக்கு நான் சொல்வது உடனே புரியும்.

லிஃப்டுக்குள் சட்ட வகுப்பு

வானவடியில் எங்கள் மேல்வீட்டில் ஒரு கோயம்புத்தூர்த் தம்பி இருக்கிறார். ஹிஞ்சேவாடியில் ஐ.டி. வேலை. லிஃப்டில் என் புது வழக்கைப் பற்றி விசாரித்தார். சொன்னேன். செல்வம், முருகேசன் என்ற இரண்டு சேலத்துக்காரர்கள் கசார்வாடியில் பங்காக லேத் பட்டறை நடத்தினார்கள். ஒரு மத்தியானச் சண்டையில் என் கட்சிக்காரர் செல்வம் ஸ்பானரால் ஒரே ஒரு அடி அடித்தார். தலையில் பட்டு முருகேசன் இறந்துபோனார். அடித்ததைச் செல்வம் மறுக்கவே இல்லை.

போலீஸ் கொலை என்று வழக்குப் போட்டிருந்தது. அது நிரூபணமானால் ஆயுள் அல்லது தூக்கு. முன்யோசனை இல்லாமல் திடீர்ச் சண்டையில் நடந்தது என்று காட்டினால் கொலையாகாத மரணம். சிறை உண்டு, ஆனால் என்றாவது வீடு திரும்பலாம். அந்த வித்தியாசத்துக்காக விடாமல் நிற்கப்போகிறேன் என்றேன். தம்பி யோசித்துவிட்டுக் கேட்டார்: “ஏனுங் மேடம், கோவத்துல அடிச்சா டிஸ்கவுண்ட்டுங்களா?”

நல்ல மனைவியின் வாக்குமூலம்

செல்வத்தின் மனைவி லதா அன்று பட்டறைக்குச் சாப்பாடு கொண்டுபோயிருக்கிறார். சண்டை மூண்டதையும், கணவர் விலகி டீக்கடைக்குப் போனதையும் பார்த்துவிட்டு, இனி பயமில்லை என்று வீடு திரும்பிவிட்டார். போலீஸிடம் அவர் சொன்னது, கணவர் கோபம் ஆறிய பிறகுதான் பட்டறைக்குத் திரும்பியிருப்பார் என்று.

அந்த வாக்குமூலத்தைப் படித்ததும் லதாவை வரச்சொன்னேன். கோபம் ஆறிய பிறகு அடித்தால் அது திடீர்ச் சண்டையே இல்லை, யோசித்துச் செய்ததாகிவிடும். புருஷனை நல்லவராகக் காட்டப்போய் அவரைக் கொலைகாரராக்கிவிட்டார். டீக்கடையை மறந்துவிடட்டுமா என்றார். நடந்ததை மாற்றக் கூடாது என்று கண்டிப்பாகச் சொன்னேன். லதா அழுதுகொண்டே கேட்டார்: “அவரு கோவக்காரரு இல்லீங்க மேடம், அதைச் சொன்னது தப்பா?”

டீக்கடைக்காரர் கணக்கு

டீக்கடையிலிருந்து திரும்பிய பிறகு என்ன நடந்தது என்று செல்வம் சொல்ல மறுத்தார். நான் விடுவதாக இல்லை. சம்பவ இடத்தில் போலீஸ் எழுதிய பஞ்சநாமாவைத் திரும்பத் திரும்பப் படித்தேன். ஸ்பானருக்கும் ரத்தத்துக்கும் கீழே, யாரும் கண்டுகொள்ளாத ஒரு வரி: தரையில் இரண்டு பேப்பர் கப், கொட்டிய டீ. கைதானபோது செய்த மருத்துவப் பரிசோதனைக் குறிப்பில் செல்வத்தின் கழுத்தில் சூடுபட்ட கொப்புளம்.

இதைக் காட்டியதும் செல்வம் உடைந்துபோனார். சமாதானம் பேசலாம் என்று இருவருக்கும் டீ வாங்கிப் போயிருக்கிறார். முருகேசன் அதைச் சுடச்சுட இவர் முகத்தைப் பார்த்து வீச, கழுத்தில் பட்டது. மேஜையில் கிடந்த ஸ்பானர் கைக்கு வந்துவிட்டது. டீக்கடைக்காரரைச் சாட்சி சொல்ல அழைத்தேன். பயந்து மறுப்பார் என்று நினைத்தால், அந்த மனிதர் மராத்தியில் என்னையே கேட்டார்: “கொல்லப் போறவன் அவனுக்கும் சேர்த்து டீ வாங்குவானா, மேடம்?”

தீர்ப்பு நாள்

நீதிபதி ஏற்றுக்கொண்டார். கொலை இல்லை, கொலையாகாத மரணம், ஏழு வருடம். லதா என் கையைப் பிடித்துக்கொண்டார். எனக்கும் சந்தோஷம்தான், மறைக்கவில்லை.

வராந்தாவில் முருகேசனின் மனைவி பரிமளா காத்திருந்தார். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் திட்டவில்லை. நான் செய்தது சரி என்று அப்போதும் நம்பினேன், இப்போதும் நம்புகிறேன். ஆனாலும் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. மெதுவாகத்தான் கேட்டார்: “கொலை இல்லேன்னு சொல்லிட்டாங்க. எம் புள்ளைங்க அப்பா எங்கேன்னு கேட்டா, நான் என்னான்னு சொல்லட்டும்?”

நீதிபதிகளின் கேள்விக்குப் பதில் சொல்ல ஐந்து வருடம் படிக்கவைத்தவர்கள், வராந்தாவில் கேட்கப்படும் கேள்விகளை மட்டும் பாடத்திட்டத்தில் சேர்க்காமலே எங்களுக்குக் கோட்டு மாட்டி அனுப்பிவிட்டார்கள்.