கேன்டீன் சாமான் வேண்டாம், தண்ணீர் கொண்டு வாங்க

என் கணவர் ராணுவத்தில் இருந்தார். வடக்கே குவார்ட்டர்ஸில் குடியிருந்தபோது குழாய்த் தண்ணீரில் லேசாக மண்ணெண்ணெய் வாடை அடித்தது. வலங்கைமான் பக்கம் ஆற்றில் புதுத்தண்ணீர் கலங்கலாக வந்தால், தெளியவைத்துக் காய்ச்சிக் குடித்து வளர்ந்தவள் நான். அங்கேயும் அதையே செய்தேன்.

"அம்மா, தண்ணி நாறுது" என்பாள் என் மகள் யாழினி.

"காய்ச்சியாச்சுடி, ஒண்ணும் பண்ணாது. குடி" என்று அதட்டுவேன்.

ஏழு வயதில் ரத்தப் புற்றுநோயில் போய்விட்டாள். பிறகுதான் எங்கள் குழாய்க்குத் தண்ணீர் வந்த கிணற்றில் எரிபொருள் கசிந்து கலந்திருந்தது தெரிந்தது. காய்ச்சினால் கிருமி சாகிற மாதிரி ரசாயனம் சாகாது என்றார் டாக்டர். நோய் அதனால்தான் வந்ததா என்று அவராலும் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. என் மனசு ஆறவில்லை.

இப்போது ராணுவக் குடும்பங்களுக்காக மனு எழுதுகிறேன், அதிகாரிகளிடம் சண்டையும் போடுகிறேன். லீவில் ஊருக்கு வருகிறவர்கள், "அக்கா, மிலிட்டரி கேன்டீன்ல என்ன வாங்கிட்டு வரட்டும்?" என்று போனில் கேட்பார்கள்.

"ஒண்ணும் வேண்டாம். உங்க குழாய்த் தண்ணி ஒரு பாட்டில் கொண்டு வாங்க, பரிசோதனைக்கு அனுப்பலாம். அதுக்கு முன்னால, தண்ணி எப்படி இருக்குன்னு உங்க புள்ளைகிட்ட கேளுங்க. அது சொல்றத நம்புங்க."