தொட்டிக்காரர் கேட்ட விடுப்பு

அந்த ஐந்து மாடிக் குடியிருப்பில் அவரைப் பெயர் சொல்லி அழைப்பார் இல்லை. எல்லாருக்கும் அவர் தொட்டிக்காரர். வாயிற்கதவைக் காப்பதும், மோட்டார் போட்டு மொட்டைமாடித் தொட்டியை நிரப்புவதும் அவர் பணி. மனைவி மறைந்தபின் கதவருகே இருந்த மோட்டார் அறையே வீடாயிற்று. குட்டி என்னும் நாயே சுற்றமாயிற்று. குட்டிக்கு முகவாய் நரைத்துவிட்டது. பெயர் மட்டும் வளரவில்லை.

தொட்டி நிரம்பியதும் மோட்டார் தானே நிற்பதற்கு ஒரு கருவியை இருமுறை பொருத்தினார்கள். இருமுறையும் அது பழுதாயிற்று. ஆகவே அவர் குட்டியைப் பழக்கினார். நிரம்பி வழியும் நீர் குழாய்வழியே முற்றத்தில் விழும் ஓசை கேட்டதும் அது குரைக்கும். அவர் ஓடிப்போய் மோட்டாரை நிறுத்துவார். சற்றே கண்ணயர்ந்தாலும் கவலையில்லை. பழக்கியதோடு நின்றிருக்கலாம். "நம்ம குட்டி இருக்கறப்ப மிஷின் எதுக்குங்க?" என்று மாடி மாடியாகப் பெருமை பேசினார். தவளை தன் வாயால் கெடும் என்று சும்மாவா சொன்னார்கள்?

கடலோர ஊரில் வாழும் தங்கை தொலைபேசியில் அழைத்தாள். "குட்டியையும் கூட்டிட்டு வந்து ஒரு வாரம் இருண்ணா. அது மணல்ல ஓடறத நான் பாக்கணும். நீ இருக்கற கொட்டடியிலயே அதையும் போட்டு வச்சிருக்க."

அச்சொல் தைத்தது. மதிலுக்கு வெளியே ஒரு தெருவுக்கு மேல் குட்டி கண்டதில்லை. அன்றே திட்டம் உருவாயிற்று. தங்கை கணவரின் வண்டியில் பயணம், பின்னிருக்கையில் குட்டிக்குப் பழைய போர்வை, இடையிடையே அது இறங்கி நடக்க நிழலான நிறுத்தங்கள், விடிந்தால் கடல்.

குடியிருப்புச் சங்கச் செயலாளரிடம் விடுப்புக் கேட்கச் சென்றார். அந்த அம்மாள் பல் மருத்துவர். வலி தெரியாமல் பிடுங்க வல்லவர்.

"தாராளமா போய்ட்டு வாங்க. மாத்து ஆள் நான் பாத்துக்கறேன். குட்டிய மட்டும் விட்டுட்டுப் போங்க."

"அதுக்காகத்தாங்கம்மா போறதே."

"புது ஆளுக்கு இங்க ஒண்ணும் தெரியாது. குட்டிக்குத் தெரியும். நீங்கதானே சொல்வீங்க."

"அது என் நாய்ங்கம்மா."

"உங்க நாய்தான். யாரு இல்லன்னா?"

இறங்கி வந்தார். திறமையே விலங்கானால் அதைக் கழற்றிவிடுவோம் என்று துணிந்தார். அதன்பின் நீர் விழும்போதெல்லாம் குட்டியின் வாயைப் பொத்தி, "பேசாம இரு கண்ணு" என்று தடவிக் கொடுத்து, ஒரு பிஸ்கட்டும் தந்தார். கற்பதற்குப் பட்ட பாட்டில் பாதிகூட மறப்பதற்கு அது படவில்லை. நாளடைவில், நீர் கொட்டினால் வாலை ஆட்டி அவர் கையைப் பார்க்கலாயிற்று.

குட்டி தன் பழக்கத்தை விட்டது. குட்டியை நம்பி உறங்கும் தம் பழக்கத்தை அவர் விடவில்லை. ஒரு பிற்பகலில் நீர் முற்றம் நிறைந்து லிப்ட் குழிக்குள் இறங்கியது, லிப்ட் நின்றது. செயலாளரின் மாமியார் ஐந்து மாடியும் நடந்தே ஏறினார், மாடிக்கொரு வசையாக.

செயலாளர் இறங்கி வந்து, குரைக்காமல் வாலாட்டும் குட்டியைப் பார்த்தார். "இது இனிமே உதவாது போலயே."

தொட்டிக்காரர் நெஞ்சம் துள்ளியது. "வயசாயிடுச்சுங்கம்மா. அப்ப நான் ஊருக்குக் கூட்டிட்டுப் போறேனே."

"குட்டி எங்க வேணா போகட்டும். நீங்க எப்படிப் போவீங்க? இத நம்பித்தானே மாத்து ஆள் போடறேன்னேன்? இனிமே நீங்கதான் கண்ணு கொட்டாம இருக்கணும்."

குறித்த நாளில் தங்கையின் கணவர் வண்டியுடன் வந்துவிட்டார்.

"என்ன மச்சான், பெட்டி எங்க?"

"பெட்டி இல்ல மாப்ள. இவன் மட்டும்தான்."

"நல்ல கூத்து. லீவு கேட்டது நீங்க, கிடைச்சது நாய்க்கா?" சிரித்தவர், அவர் முகத்தைக் கண்டு நிறுத்திக்கொண்டார். "வேலைய விட்டுட்டு வாங்க மச்சான். நாங்க இல்லையா?"

"ஒரு வாரத்துக்கு இருப்பீங்க. அப்புறம்? வேலை போனா இந்த ரூமும் போச்சு." கயிற்றை அவர் கையில் கொடுத்தார். "அலைகிட்ட இத விட்டுடாதீங்க. பயந்துடுவான்."

குட்டி பின்னிருக்கையில் தாவி ஏறியது. தொட்டிக்காரர் அமர இடம்விட்டு, ஓரமாய் ஒதுங்கி உட்கார்ந்தது.

வண்டி வாயிலில் நின்று ஒலி எழுப்பியது. கதவைத் திறப்பது அவர் வேலை. திறந்தார். வண்டி தெருவில் திரும்பும்வரை நின்று, உள்ளிருந்து தாழிட்டார்.