கோலசிலாங்கூரில் ஃபெதரிங் புரொப்பெல்லர்: ஸ்டெல்லாவுக்குக் கேட்ட சத்தம்

பணி ஓய்வுக்குப் பிறகு நான் வாங்கிய முப்பதடிப் பாய்மரப் படகில் என் மனைவி ஸ்டெல்லா ஒரே ஒரு முறைதான் ஏறியிருந்தாள். இரண்டு வருடம் ஆகிறது. அன்று காற்று குறைவு. பாதி வழி இன்ஜினை ஓட்டினேன். டீசல் வாடையில் வாந்தி எடுத்தவள், அதன்பின் படகுத்துறை வரை வந்து கையசைப்பதோடு சரி. இருவரும் ஆசிரியர்களாக இருந்த காலத்திலேயே பாங்கோர் தீவுக்குச் சேர்ந்து பாயில் போவதாகப் பேசி வைத்திருந்தோம். அந்தக் கடல் வரைபடத்தை இப்போது நான் மட்டும் விரித்துப் பார்க்கிறேன்.

இன்ஜின் ஓடும் நேரத்தைக் குறைக்க வழி தேடியதில் வந்ததுதான் ஃபெதரிங் புரொப்பெல்லர். ஓடும் காரின் ஜன்னல் வழியே கையை நீட்டுங்கள். உள்ளங்கையைக் காற்றுக்கு எதிரே காட்டினால் கை பின்னுக்குப் போகும்; விளிம்பைக் காட்டினால் காற்றை வெட்டிக்கொண்டு நிற்கும். என் பழைய புரொப்பெல்லரின் மூன்று இதழ்களும் உள்ளங்கை மாதிரி. ஃபெதரிங் வகையில், பாயில் போகும்போது இதழ்கள் தாமாகத் திரும்பி விளிம்பைக் காட்டும். மெல்லிய காற்றிலும் படகு நகரும். இதழ்கள் மடங்கிக்கொள்ளும் இன்னொரு வகை மலிவுதான், ஆனால் ரிவர்சில் பிடிமானம் குறைவு. கடல் வற்றும்போது இழுக்கும் ஆற்றுத் துறையில் படகை நிறுத்த வேண்டிய எனக்கு அது சரிவராது.

வெளிநாட்டுப் படகிலிருந்து கழற்றிய ஒன்று 5,400 மலேசிய வெள்ளிக்குக் கிடைத்தது. பிடிக்காவிட்டால் ஒரு வாரத்தில் திருப்பித் தரலாம் என்றார் விற்றவர். போன மாதம் ஒரு வெள்ளிக்கிழமை காலை ஒன்பதரைக்கு, தண்ணீர் வற்றிப் படகு சேற்றில் உட்கார்ந்ததும், மீன்பிடிப் படகுகளுக்கு வேலை செய்யும் மெக்கானிக் அந்தோணி முழங்கால் சேற்றில் நின்று அதைப் பொருத்தினார். கூலி 350 வெள்ளி.

“நல்ல சாமான் சார். ஆனா சும்மா கட்டிப் போட்டா சிப்பி ஒட்டிக்கும், அப்புறம் இதழ் திரும்பாது லா. டீச்சர் வராங்களா?”

“கேட்டுப் பாக்கணும்.”

“அப்ப உங்க வேலையைவிட என் வேலை சுலபம்!”

ஸ்டெல்லா ஒரு வழியாகச் சம்மதித்தாள். “இந்த ஒரு தடவைதான். முடியலைன்னா நீந்தியே வீட்டுக்குப் போயிருவேன்.”

மறுநாள் சனிக்கிழமை அதிகாலை, எங்கள் வீடிருக்கும் அசாம் ஜாவாவிலிருந்து இருபது நிமிடக் கார்ப் பயணம். ஆறரைக்குக் கிளம்பினோம். 7.40க்கு முகத்துவாரம் தாண்டி, பாயை ஏற்றி, கியரை நியூட்ரலுக்குக் கொண்டுவந்து இன்ஜினை நிறுத்தினேன். நிலக்காற்று நன்றாகவே இருந்தது. வேகம் 2.6 நாட், அதாவது மணிக்கு 2.6 கடல் மைல். பழைய புரொப்பெல்லரிலும் அதேதான்! இவ்வளவு செலவும் வீணா என்று மனம் சோர்ந்துவிட்டது.

கீழே அறையில் தைலப் புட்டியோடு படுத்திருந்த ஸ்டெல்லா கூப்பிட்டாள். “என்னங்க, இன்ஜினை நிறுத்திட்டீங்கதானே? என் தலைக்குக் கீழ என்னமோ சுத்திக்கிட்டே இருக்கு.”

அப்போதுதான் உறைத்தது. நிறுத்துமுன் நியூட்ரல் என்பது எங்கள் ஆற்றுப் பழக்கம். நெருக்கமாகக் கட்டிய படகுகளுக்கு நடுவே கியரில் ஸ்டார்ட் செய்தால் பக்கத்துப் படகில் மோதுவோம். ஆனால் நியூட்ரலில் புரொப்பெல்லர் தண்டு தண்ணீரின் வேகத்தில் சுற்றிக்கொண்டே இருக்கும், இதழ்கள் திரும்பாது. இன்ஜினை மறுபடி ஓட்டி, முன்கியரில் இருக்கும்போதே நிறுத்தினேன்.

தண்டு பூட்டிக்கொண்டது, சத்தம் நின்றது. வேகம் மெல்ல ஏறி 3.2 நாட் ஆனது. சற்று நேரத்தில் ஸ்டெல்லா மேலே வந்து, என் எதிரே உட்கார்ந்து, நாசி லெமாக், தேங்காய்ப்பால் சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்தாள். இரண்டு மணி நேரத்துக்கு மேல், தஞ்சோங் காராங் கரை தெரியும் வரை, படகின் பக்கத்தில் தண்ணீர் ஓடும் சத்தம் மட்டும்தான்.

10.40க்குக் காற்று அடியோடு விழுந்தது. இன்ஜினைப் போடுவதைத் தவிர வழியில்லை. திரும்பும் வழியெல்லாம் அவள் வாளியைப் பிடித்தபடி இருந்தாள். இரண்டு மணிக்கு, ஏறும் தண்ணீரில் படகுத்துறையை அடைந்தோம். ரிவர்ஸ் கச்சிதமாகப் பிடித்தது.

“பாங்கோர் எவ்வளவு நேரம்?” முகத்தைக் கழுவிக்கொண்டே கேட்டாள்.

“அறுபத்தஞ்சு கடல் மைல். பதினாறு மணி நேரமாவது ஆகும்.”

“அதுல இன்ஜின்?”

கொஞ்சம்தான் என்று சொல்ல நாக்கு துடித்தது. “காத்து நின்னா பாதி நேரம்கூட ஓடலாம்,” என்றேன்.

“அப்ப நீங்க கடல்ல வாங்க. நான் பஸ்ல லூமுட் வந்து ஃபெர்ரி ஏறுறேன். அங்க, இன்னிக்குக் காலையில போன மாதிரி, சத்தமில்லாம ஒரு சுத்து கூட்டிட்டுப் போங்க.”

புரொப்பெல்லரைத் திருப்பித் தரவில்லை. அந்தப் பதினாறு மணி நேரமும் என் எதிர் இருக்கை காலியாக இருக்கும். அந்த ஒரு சுற்றுக்காகப் போவேன்.

வாங்க நினைப்பவர்களுக்கு: தண்டின் விட்டம், சுற்றும் திசை இரண்டையும் அளந்துகொண்டு போங்கள். மாதம் ஒரு முறையாவது ஓட்டுங்கள். முன்கியரில் வைத்தே இன்ஜினை நிறுத்துங்கள். மறுபடி ஸ்டார்ட் செய்யுமுன் மறக்காமல் நியூட்ரலுக்குக் கொண்டுவாருங்கள். இதழ்கள் திரும்பினவா என்று அறிய வேகமானியை மட்டும் நம்ப வேண்டாம். கீழே படுத்திருப்பவரிடம் கேளுங்கள். கேட்க ஒருவர் இருந்தால்.